செங்கல்பட்டிலிருந்து இமயம் 30 கிலோமீட்டர்!

வருஷா வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் ஆபீஸ் கேண்டீனில் ஓர் இமயமலை முளைக்கும். பிப்ரவரியில் வளரும். மார்ச்சில் உச்சம் தொடும். மே மாத வெயிலில் உருகி, நம்ம பாலாறு மாதிரி மணலுக்குள் காணாமல் போய்விடும்.

மலையை முளைக்க வைப்பவர்கள் நாங்கள் நாலு பேர். டெஸ்பாட்சில் ஒருவன், அக்கவுண்ட்ஸில் ஒருவன், அப்புறம் அடியேன். நாலாவது ஆள் எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டு. நேரில் ‘சார்’. அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ‘பெரிசு’. (இதை அவர் கட்டாயம் படிப்பார். பரவாயில்லை, அவருக்கே தெரியும்!)

திட்டமெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கிறது. அட்டையில் ‘இமயம்’ என்று லேபிள். இந்தியாவில் எவரெஸ்ட்டுக்குப் போனவர்கள்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று குறுக்கே வரும். ஒரு வருஷம் ஆடிட். ஒரு வருஷம் எலெக்‌ஷன் டூட்டி. ஒரு வருஷம் டெஸ்பாட்ச்காரனின் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். எல்லாம் சரியாக அமைந்துவிட்டால் இருக்கவே இருக்கிறது பெரிசின் மந்திரம்: “மார்ச் முடியட்டும்ப்பா. க்ளோசிங் முடிச்சிட்டு நிம்மதியாப் போலாம்.”

மார்ச் முடியும். நிம்மதி வராது.

நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் திட்டம், சிம்லா. டெல்லி போய், கால்கா போய், அங்கிருந்து பொம்மை ரயில். 1903-ல் போட்ட பாதை. 96 கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் நூற்றுக்கும் மேலே குகைகள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம்ம தாம்பரம் லோக்கல் மாதிரி அவசரமெல்லாம் கிடையாது. சுமார் ஐந்து மணி நேரம் ஆடி அசைந்து போகும். சிம்லாவிலிருந்து மணாலி. அதற்கு அப்பால், 2020-ல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹௌல் பள்ளத்தாக்கு.

இரண்டாவது, டார்ஜிலிங். நியூ ஜல்பைகுரியில் இறங்க வேண்டும். இதுவும் பொம்மை ரயில்தான், சிம்லா ரயிலுக்கு அக்கா. 1881-ல் டார்ஜிலிங்கைத் தொட்டுவிட்டது. வழியில் கூம் ஸ்டேஷன், 2,258 மீட்டர் உயரத்தில். வானம் மனசு வைத்தால் 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்கா கண் முன்னே நிற்கும். அங்கிருந்து காங்டாக். நாதுலா கணவாய்க்குப் போக வேண்டுமென்றால் பர்மிட் வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஹரித்வார், ரிஷிகேஷ், முசோரி. “இது வயசானவங்க போற ரூட்டுடா!” என்று அக்கவுண்ட்ஸ்காரன் அந்தப் பக்கத்தை முதல் வருஷமே மடித்து வைத்துவிட்டான்.

அடுத்து, லீவு. பத்து நாள் லீவு என்றால் பத்து நாள் இமயம் என்று நினைத்துவிடாதீர்கள். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குள் ஓடி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடித்தால் டெல்லிக்குச் சுமார் 33 மணி நேரம். போக வர நாலு நாள் தண்டவாளத்திலேயே போய்விடும். மிச்சம் ஆறு நாள். அதில் நாலு ஊர் போட்டால் நீங்கள் பார்த்துவிட்டு வருவது பஸ் ஜன்னலை!

நாங்கள் ஆறு நாளில் ஏழு ஊர் போட்டிருந்தோம்.

இந்த வருஷம் கதை மாறியது. பெரிசுக்கு ஜூலையில் ரிட்டையர்மென்ட். “இந்தத் தடவை போகலைன்னா அப்புறம் நாம மூணு பேர் வேற, அவர் வேற” என்றான் டெஸ்பாட்ச். உண்மைதான். ரிட்டையர் ஆனவரை ‘வாங்க சார்’ என்று கூப்பிடுவோம். கூட்டிக்கொண்டு போக மாட்டோம். உலக வழக்கம் அது.

ஆனால் பெரிசுக்குப் போன வருஷம்தான் நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். டாக்டரிடம் போய்க் கேட்டோம். “தாராளமா நடக்கலாம். படி ஏறலாம், நின்னு நின்னு ஏறணும். ரோதாங், நாதுலா மாதிரி உயரமெல்லாம் வேண்டாம்” என்றார்.

ரோதாங் கணவாய் பதின்மூவாயிரம் அடி. நாதுலா அதற்கும் மேலே. எங்கள் நோட்டில் இரண்டையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தோம்.

“நீங்க போயிட்டு வாங்கப்பா. எனக்கு போட்டோ காமிங்க” என்றார் பெரிசு. சொல்லிவிட்டு ஒரு ஃபைலைத் திறந்து, ஏற்கெனவே கையெழுத்து போட்ட பக்கத்திலேயே இன்னொரு கையெழுத்தைப் போட்டார்.

“மச்சான், ஒரு ஒத்திகை பார்ப்போம்டா” என்றான் அக்கவுண்ட்ஸ். “திருக்கழுக்குன்றத்துல ஏற முடிஞ்சா பாதி இமயம் ஏறின மாதிரி.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பிவிட்டோம்.

565 படிகள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர் சொச்சம். ஊரை நெருங்கும்போதே மலை தெரிந்துவிடும். உயரம் சுமார் 500 அடி. ‘பூ, இவ்வளவுதானா!’ என்று கீழே நின்று சொல்வது சுலபம். படிகள் 565 என்று கணக்கு. நான் 212 வரை எண்ணினேன். அதற்கப்புறம் என் இதயம்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

பெரிசு டாக்டர் சொன்னபடியே ஏறினார். இருபது படி, ஒரு நிறுத்தம். எங்களை முந்திக்கொண்டு ஒரு பாட்டி, இடுப்பில் பேரனோடு, பேசிக்கொண்டே ஏறிப் போனார். நாங்கள் மூன்று பேரும் திரும்பி நின்று இயற்கைக் காட்சியை ரசிப்பதுபோல் பாவனை செய்தோம்.

பாதிக்கு மேலே ஒரு திருப்பத்தில் பெரிசு உட்கார்ந்தார். மூச்சு வாங்கத்தான் என்று நினைத்தோம்.

“1991-ல கல்யாணமான புதுசு. உங்க அக்காவ இங்க கூட்டிட்டு வந்தேன்” என்றார். (அவர் மனைவியை நாங்கள் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். தீபாவளிக்கு அவர் கையால் அதிரசம் தின்றவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டார்.)

“அப்பல்லாம் மத்தியான நேரத்துக்கு ரெண்டு கழுகு வரும்ப்பா. குருக்கள் பாறை மேல உட்கார்ந்து பொங்கல் வைப்பாரு. ஆடாம அசையாம நடந்து வந்து தின்னுட்டுப் போகும். காசியிலேர்ந்து தினம் வருதுங்கன்னு சொல்லுவாங்க. இவ அதைப் பார்த்துட்டு, ‘ஏங்க, அதுங்களே காசியிலேர்ந்து தினம் வந்துட்டுப் போகுதுங்க. நம்மளால ஒரு தடவை கங்கைக்குப் போக முடியாதா?’ன்னா. மார்ச் முடியட்டும்னேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எத்தனை மார்ச்!”

கேண்டீனில் நாங்கள் கிண்டலடித்துச் சிரித்த அதே வார்த்தை. யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்கே பெயர் கொடுத்த அந்தப் பறவைகள் இப்போது வருவதில்லை. 1990-களின் முடிவுக்குள் வருகை நின்றுபோனது. அவை நிஜத்தில் கழுகு அல்ல. பிணந்தின்னிக் கழுகு வகையில் சிறியதான மஞ்சள்முகப் பாறு. அதே வருஷங்களில்தான் இந்தியா முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. காரணம் 2004-ல் வெளியே வந்தது. மாட்டுக்கு வலி குறையப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து! மருந்து ஏற்றிய மாடு செத்தால், அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை இந்தியா தடை செய்தது. தடை வந்தது, பறவை வரவில்லை.

பெரிசு எழுந்தார். மிச்சப் படிகளையும் ஏறினார். வேதகிரீஸ்வரர் சன்னிதியில் எங்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். மேலிருந்து பார்த்தால் அடிவாரத்து பக்தவத்சலேஸ்வரர் கோயில் கோபுரங்களும், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சங்கு பிறக்கும் சங்கு தீர்த்தமும் பொம்மைக் கொலு மாதிரி தெரிகின்றன.

இறங்கும் வழியில் ஒருக்கல் மண்டபம். பல்லவர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து செய்தது. அதற்குள் 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கோயில் சுவரில் பெயர் கிறுக்கும் நம்மவர்களை இனிமேல் திட்டும்போது கூடவே ஹாலந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனி இல்லாத இமயம்

அங்கிருந்து மாமல்லபுரம் இன்னும் ஒரு பதினைந்து கிலோமீட்டர். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்புவது தர்மமில்லை என்றான் டெஸ்பாட்ச். (அவன் தர்மம் எப்போதும் எண்ணெய்ச் சட்டியிலிருந்துதான் ஆரம்பிக்கும்.)

கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் எங்களுக்குப் பழக்கம். செங்கல்பட்டுப் பையன்கள் ஸ்கூல் டூர் என்றால் வேறு எங்கே போவார்கள்? அர்ச்சுனன் தபசு பாறையை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அதாவது, அதன் முன்னால் நின்று ஐஸ் சாப்பிட்டிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் பெரிசு சொல்லிப் பார்த்தேன்.

கிட்டத்தட்ட 96 அடி நீளம், 43 அடி உயரம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. பாறையின் நடுவே இயற்கையாகவே ஒரு பிளவு. அதில் நாகராஜனும் நாககன்னியும் கைகூப்பி மேலே வருகிறார்கள். இடது பக்கம் எலும்பும் தோலுமாக ஒரு தபஸ்வி, ஒற்றைக் காலில், கைகளை உயரத் தூக்கி. பக்கத்தில் வரம் கொடுக்கிற சிவன். வலது பக்கம் நிஜ யானை அளவுக்கு யானைகள், காலடியில் குட்டிகள்.

இது என்ன காட்சி? அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் செய்த தவம் என்பது ஒரு கட்சி. இல்லை, பகீரதன் தவம் செய்து கங்கையைக் கொண்டுவந்த கதை என்று 1914-ல் விக்டர் கொலூபியூ எழுதினார். அது இன்னொரு கட்சி. பாறைக்கு மேலே தண்ணீர் தேக்கிய தொட்டியின் அடையாளம் இருக்கிறது. விசேஷ நாட்களில் அந்தப் பிளவு வழியாக நிஜத் தண்ணீரையே விழவைத்திருக்கலாம் என்கிறார்கள்.

“அர்ச்சுனன் எங்கப்பா தவம் பண்ணான்?” என்றார் பெரிசு.

“இமயமலையில சார்.”

“பகீரதன்?”

“அதுவும் அங்கதான்...”

“அப்போ யார் ஜெயிச்சாலும் இது இமயம்தானே? இத்தனை வருஷமா முப்பது கிலோமீட்டர்ல ஒரு இமயத்தை வச்சுக்கிட்டு நோட்டு போட்டுட்டிருக்கோம்!”

நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அக்கவுண்ட்ஸ்காரனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “ஆனா சார்... பனி எங்க?”

பனி இல்லை. ஒரு பிடிகூட இல்லை. இந்த வெயிலில் நின்று செதுக்கியவன், தனக்குத் தெரிந்ததை வைத்து இமயத்தைக் கட்டிவிட்டான். யானை, சிங்கம், பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மான். ஆற்றங்கரையில் குளித்துவிட்டுத் துணி பிழிகிற ஆள், தண்ணீர்க் குடம் தூக்குகிற ஆள். நம்ம ஊர்ப் படித்துறைதான்.

யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் உண்டு. தபஸ்வியைப் பார்த்து அதுவும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. சுற்றி எலிகள் அதை நம்பி நிற்கின்றன. “நம்ம ஆபீஸ்ல இவரு எந்த செக்‌ஷன்?” என்று கேட்டான் டெஸ்பாட்ச். மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னோம். பெயர் வேண்டாம். இன்க்ரிமென்ட் நிற்கும்.

2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இதே பாறை முன்னால் வந்து நின்றார்கள். நிஜ இமயத்தில் எல்லைக்கோடு எங்கே என்று தகராறு செய்யும் இரண்டு நாட்டுத் தலைவர்கள், கல் இமயத்தின் முன்னால் சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே கல்வானில் மோதல். சிற்பி என்ன செய்வான், பாவம்!

நமக்கும் இமயத்துக்கும் இந்த உறவு பழசு. கண்ணகிக்குச் சிலை எடுக்கச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் எடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அவனுக்கு மார்ச் க்ளோசிங் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நோட்டு திருத்தப்பட்டது

சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தோம். (ஆமாம், எடுத்துக்கொண்டு போயிருந்தோம். அது இல்லாமல் எங்களுக்குப் பேச்சு வராது.)

நாங்கள் இத்தனை வருஷம் செய்த தப்பு அப்போதுதான் புரிந்தது. ஊரை முதலில் எழுதினோம், ஆளை அப்புறம் எழுதினோம். தலைகீழாக எழுத வேண்டும். கூட வருகிறவர்களில் யாருக்கு முட்டி வலி, யாருக்கு மூச்சிரைப்பு என்று பார்த்துவிட்டு ஊரைப் போட வேண்டும்.

மடித்து வைத்த மூன்றாம் பக்கத்தை அக்கவுண்ட்ஸ்காரனே நீவி விட்டான். ஹரித்வார் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம்தான். ரிஷிகேஷ் 400-க்குள். மூச்சு முட்ட வழியே இல்லை. கங்கை மலையை விட்டு இறங்குகிற இடம் அது. இஷ்டப்பட்டால் ஒரு நாள் முசோரி, சுமார் 2,000 மீட்டர். அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் ஆரம்பிக்கும். அதற்கு மேலே போகிற இளவட்டங்களும் வீரம் காட்ட வேண்டாம். 3,000 மீட்டரைத் தாண்டினால், ராத்திரி தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது மலையேறுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

மாதம்? ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மழையில் மலையே சாலைக்கு இறங்கி வரும். 2013 ஜூனில் கேதார்நாத்தில் நடந்ததை மறக்க முடியுமா? 2023 மழையில் சிம்லாவும் பட்டபாடு தெரியும். மே மாதம் பாதி இந்தியா அங்கே இருக்கும். அக்டோபர் என்றால் வானம் துடைத்துவிட்ட மாதிரி. ஆயுதபூஜை லீவும் சேரும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான். 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இது நல்லதுதான். மனசு மாற அறுபது நாள் குறைச்சல்!

ஏழு ஊர் மூன்று ஊர் ஆனது. ரோதாங்கை அடித்தான் டெஸ்பாட்ச். நாதுலாவை நான் அடித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த இரண்டு வட்டங்களும் அங்கேயேதான் இருக்கும். கணவாய்க்கு ரிட்டையர்மென்ட் கிடையாது.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தபோது பெரிசைக் காணோம். அலை ஓரத்தில் குனிந்துகொண்டிருந்தார். கைக்குட்டையில் ஒரு பிடி மணல்.

“ராமேஸ்வரத்து மணலை எடுத்துட்டுப் போய் கங்கையில கரைக்கறது பழக்கம். அவ்வளவு தூரம் போயிட்டு வர நேரமில்லப்பா. இது நம்ம ஊர்க் கடல்தானே, போதும். அவ கோவிச்சுக்க மாட்டா.”

திங்கட்கிழமை காலை அவர் டிராயரைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். மணல் ஒரு பழுப்புக் கவருக்குள் போயிருந்தது. கவரின் மேலே ஆபீஸ் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது: ‘அவசரம்’.

இத்தனை வருஷ சர்வீஸில் அவர் எந்த ஃபைலுக்கும் அந்தச் சீட்டை ஒட்டி நாங்கள் பார்த்ததே இல்லை.